செஞ்சியைத் தேடும் நிரல்: தமிழாய்வில் கணினி நிரல்களைத் தெளிவாக எழுதும் முறைமை

ஆய்வுச் சுருக்கம்

தமிழியல் ஆய்வுகளில் சொல்லடைவு, நிகழ்வெண் கணக்கு, ஊர்ப்பெயர்த் தொகுப்பு ஆகியவற்றுக்காக ஆய்வாளர்களே சிறு நிரல்களை எழுதிக்கொள்ளும் வழக்கம் பெருகியுள்ளது. அந்நிரல்கள் பெரும்பாலும் பிறர் படித்தறிய இயலாத நிலையில் உள்ளன. ‘செஞ்சி’ என்னும் ஊர்ப்பெயரை உரைத்தொகுப்புகளில் தேடுதல் என்னும் ஒரு பணியை எடுத்துக்கொண்டு, தெளிவான நிரல் எழுதும் பழக்கங்கள் தமிழ்த் தரவில் எவ்வாறு பொருந்துகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ஆய்வு நிரல் படிக்கத்தக்கதாக இருத்தல் ஆய்வு முடிவின் சரிபார்ப்புக்கு அடிப்படை என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: செஞ்சி, நிரலாக்கம், ஒருங்குறி, இயல்பாக்கம், அகரவரிசை, பதிப்பு மேலாண்மை, சரிபார்ப்பு

முன்னுரை

ஆய்வேட்டில் ஒரு செய்யுளடியை மேற்கோள் காட்டினால் நூற்பெயர், பதிப்பாசிரியர், பதிப்பாண்டு, பக்கஎண் ஆகியவற்றைத் தர வேண்டும் என்பது நெறி. அதே ஆய்வேட்டில் ‘இச்சொல் இத்தொகுப்பில் இத்தனை முறை வருகிறது’ என்று ஓர் அட்டவணை இடம்பெற்றால் அவ்வெண் எவ்வாறு பெறப்பட்டது என்று எவரும் கேட்பதில்லை. கணினி தந்தது என்பதே போதிய சான்றாகிவிடுகிறது. கணினி தருவது அதற்கு இட்ட கட்டளையின் விளைவை மட்டுமே. அக்கட்டளைத் தொகுதியே நிரல். அதனைப் பிறர் படித்து ஐயுறவும் மறுக்கவும் இயலாதெனில் அவ்வட்டவணைக்குச் சான்று இல்லை என்றே கொள்ள வேண்டும்.

நிரல் மனிதர் படிப்பதற்கும் உரியது என்னும் எண்ணம் கணினியியலில் பழையது. கெர்னிகனும் பிளாகரும் நிரல்நடை பற்றிய நூலை 1974இல் வெளியிட்டனர். டொனால்ட் நூத் 1984இல், நிரலை ஒரு கட்டுரைபோல் விளக்கத்தோடு சேர்த்து எழுதும் முறையை முன்வைத்தார். செயல் மாறாமல் நிரலின் அமைப்பை மட்டும் சீர்செய்தல் பற்றி மார்ட்டின் ஃபவுலரும் (1999), தூய நிரல் பற்றி ராபர்ட் மார்ட்டினும் (2008) எழுதிய நூல்கள் மென்பொருள் துறையில் பரவலாகப் பயிலப்படுகின்றன. அத்துறையினர்க்கு இதன் தேவை, பல ஆண்டுகள் பலர் கைமாறிப் பராமரிக்கும் நிரலின் செலவைக் குறைப்பது. மொழி ஆய்வாளர்க்கு அத்தேவை இல்லை. ஆய்வு நிரல் சில நேரங்களில் ஒரே ஒரு முறைதான் இயக்கப்படுகிறது. எனினும் அவ்வொரு முறை கிடைத்த எண் அச்சேறி, மேற்கோளாகி, பிற ஆய்வுகளுக்கு அடிப்படையாகிறது. இந்த வேறுபாட்டை மனத்திற்கொண்டு, மென்பொருள் துறையின் அறிவுரைகளில் எவை நமக்கு உரியவை என்று தேர்ந்துகொள்வது நல்லது.

ஒரே ஊர், பல பெயர்

விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சிக்கோட்டை, 2025 ஜூலையில் ‘இந்தியாவின் மராத்தியப் படைத்துறை நிலவெளிகள்’ என்னும் தொகுதியின் 12 இடங்களுள் ஒன்றாக யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அப்பன்னிரண்டில் தமிழ்நாட்டில் அமைந்தது இஃது ஒன்றே. இவ்வூரைப் பற்றிய குறிப்புகளைப் பல வகை உரைகளிலிருந்து திரட்ட விரும்பும் ஆய்வாளர் ஒருவர் ஒரு சிறு நிரல் எழுதத் தொடங்குகிறார் என்று கொள்வோம்.

முதல் இடர்ப்பாடு பெயரிலேயே உள்ளது. சோழர்காலக் கல்வெட்டு வழக்கில் இப்பகுதி சிங்கபுரநாடு. கோட்டைக்கு அருகிலுள்ள சிங்கவரம் என்னும் ஊர் அப்பெயரை இன்றும் நினைவூட்டுகிறது. பீஜப்பூர் ஆட்சியில் பாதுஷாபாத் என்றும், 1698இல் முகலாயர் வசமானபின் படைத்தலைவர் சுல்பிகர் கானின் நுஸ்ரத் ஜங் என்னும் பட்டத்தையொட்டி நுஸ்ரத்கட் என்றும் வழங்கியது. ஐரோப்பியர் ஜிஞ்சி என்று எழுதினர். சி. எஸ். சீனிவாசாச்சாரியார் 1943இல் வெளியிட்ட செஞ்சி வரலாற்று நூல் இப்பெயர் மாற்றங்களை ஆராய்கிறது. ஆங்கில நூல்களின் தமிழாக்கங்களில் ‘ஜிஞ்சி’, ‘ஜின்ஜி’ என்னும் எழுத்துப்பெயர்ப்புகளும் எதிர்ப்படலாம்.

இப்பெயர்களையெல்லாம் நிரலின் உள்ளேயே, ‘இதுவாயின், அல்லது இதுவாயின்’ என்று அடுக்கிச் செல்வது முதலில் தோன்றும் வழி. நிரல் இயங்கவும் செய்யும். ஆனால் எப்பெயர் எக்காலத்தது, எச்சான்றால் சேர்க்கப்பட்டது என்னும் செய்தி அதில் இல்லை. ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ வேண்டின் நிரலையே திருத்த வேண்டும். நிரலாக்கம் அறியாத வரலாற்றறிஞர் ஒருவர் அப்பட்டியலைச் சரிபார்க்கவும் இயலாது. தரவை நிரலிலிருந்து பிரித்து வைத்தல் என்னும் பழக்கம் இங்கேதான் பயன்தருகிறது. பெயர்வடிவம், காலம், சான்று, சேர்த்தவர், சேர்த்த நாள் என்னும் நிரல்களைக் கொண்ட ஓர் அட்டவணைக் கோப்பு தனியே இருக்கட்டும். (கணினிக் கட்டளைத் தொகுதிக்கும் அட்டவணையின் செங்குத்து வரிசைக்கும் தமிழில் ‘நிரல்’ என்றே வழங்குவது ஒரு சிறு இடையூறு. இக்கட்டுரையில் இனிப் பின்னதைப் ‘பத்தி’ என்போம்.) நிரல் அக்கோப்பைப் படித்துத் தேடட்டும். ‘பாதுஷாபாத்’ என்பது ஐயத்திற்குரியது என்று வரலாற்றறிஞர் கருதினால் அவர் அட்டவணையில் ஒரு வரியை மாற்றுவார். நிரலில் ஓர் எழுத்தும் மாறாது.

மூலத் தரவைத் தொடாதிருத்தல் இதனோடு இணைந்த பழக்கம். செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில், சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைக் கூறும் பழைய கல்வெட்டு உள்ளது. இத்தகைய பழங்கல்வெட்டுகளில் புள்ளி பல இடங்களில் இடப்படுவதில்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வடிவில் வேறுபடுத்தப்படுவதில்லை. அச்சில் நாம் காணும் புள்ளியும் நெடிலும் பதிப்பாசிரியரின் முடிவுகள். கல்லில் உள்ளவாறு ஒரு பத்தியும், பதிப்பாசிரியர் பாடம் ஒரு பத்தியும், தேடலுக்காக நிரல் சீர்செய்த வடிவம் மற்றொரு பத்தியுமாக மூன்றையும் தனித்தனியே வைத்தால், யார் எதை மாற்றினார் என்பது மறையாது. சீர்செய்த வடிவத்தை மூலத்தின்மேல் எழுதிவிடும் நிரல், ஏட்டைத் திருத்தி எழுதிவிட்டு மூல ஏட்டை ஆற்றில் விட்ட செயலுக்கு ஒப்பாகும். பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் காத்துவந்த பதிப்பு மரபிலிருந்து வந்தவர்களுக்கு இதனை மிகுதியாக விளக்க வேண்டியதில்லை.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்குப் பல

‘செஞ்சிக்கோட்டை’ என்பதில் எத்தனை எழுத்துகள் என்று தமிழாசிரியரைக் கேட்டால் 7 என்பார். பைத்தான் மொழியின் நீளங்காணும் கட்டளையைக் கேட்டால் 14 என்னும். உயிர்மெய்யைப் பிரித்து, மெய்வரிவடிவத்திற்கு ஒரு குறியெண்ணும் உயிர்க்குறிக்கு ஒரு குறியெண்ணும் தருவது ஒருங்குறியின் அமைப்பு. புள்ளிக்கும் தனிக் குறியெண் உண்டு. அதே சொல் வேறொரு கோப்பில் 15 என்றும் வரலாம். ‘கோ’ என்பதன் ஓகாரக்குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். இரட்டைக்கொம்பு, துணைக்கால் என்னும் இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஆனால் ஒரு வடிவத்தைத் தேடும் நிரல் மற்றதைக் காணாமல் கடந்துவிடும்.

இவ்விரண்டும் ஒன்றே என்று ஒருங்குறித் தரமே வரையறுத்துள்ளதால், இயல்பாக்கம் என்னும் ஆயத்தச் செயற்கூறு இதனைத் தீர்த்துவிடும். அதனை உரை நிரலுக்குள் நுழையும் வாயிலிலேயே ஒருமுறை செய்துவிட வேண்டும். தேடும் இடத்தில் ஒருமுறை, எண்ணும் இடத்தில் ஒருமுறை என்று சிதறவிட்டால் ஏதேனும் ஓரிடத்தில் விடுபடும்.

இயல்பாக்கம் தீர்க்காதவையும் உள. ‘பௌத்தம்’ என்பதன் ஔகாரக்குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் இட்டுப் ‘பெளத்தம்’ என்று உள்ளிடும் வழக்கம் மிகுதி. படிப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒருங்குறிக்கு இவை வெவ்வேறு சொற்கள். அவ்வாறெனில் எகரக்குறியை அடுத்து ளகரம் வருமிடமெல்லாம் ஔகாரமாக்கிவிடலாமா? அப்படிச் செய்தால் கெளுத்தி மீனும் கெளிறும் சிதைந்துபோகும். ளகரத்தை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் மாற்றலாகாது என்று விதியைக் குறுக்க வேண்டும். அதற்குப் பின்னும் எஞ்சும் இடங்களைப் பட்டியலிட்டுக் கண்ணால் பார்ப்பதே பாதுகாப்பு. கல்வெட்டுத் தொடக்கத்து மங்கலச்சொல்லில் வரும் ‘ஸ்ரீ’ எழுத்தும் இத்தகையது. 2005இல் தமிழுக்கான ஶகரம் ஒருங்குறியில் சேர்க்கப்பட்டபின், ஸகரத்தால் எழுதிய வடிவமும் ஶகரத்தால் எழுதிய வடிவமும் ஒரே தோற்றத்துடன் உலவுகின்றன. இவற்றை இயல்பாக்கம் இணைப்பதில்லை.

இக்குழப்பங்களுக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தகுதரம் எனப்பட்ட குறியாக்கத்தில் நூல்களை வெளியிட்டுப் பின்னர் ஒருங்குறிக்கு மாறியது. தமிழ்நாடு அரசு 1999இல் டாம், டாப் குறியாக்கங்களையும், 2010இல் ஒருங்குறியையும் தமிழ் அனைத்து எழுத்துரு 16ஐயும் தரமாக அறிவித்தது. ஒரு குறியாக்கத்திலிருந்து மற்றொன்றுக்கு உரை மாற்றப்படும்போதெல்லாம் மாற்றியின் குறைகள் உரையில் தங்கக்கூடும். எனவே ஒரு மின்னுரை எங்கிருந்து, எந்நாளில், எக்குறியாக்கத்தில் பெறப்பட்டது என்பதும் தரவின் பகுதியே.

பெயரிடுதல்

நிரலின் தெளிவுக்கு மிகுதியாகத் துணைசெய்வது பெயரிடுதலே. ‘அ’, ‘அ1’, ‘புதிய_அ’ என்னும் மாறிகள் எழுதியவருக்கே ஆறு திங்களில் அயலாகிவிடும். ‘சீராக்கிய_உரை’, ‘ஊர்ப்பெயர்_அட்டவணை’, ‘ஐயப்_பட்டியல்’ என்பன தம்மைத் தாமே விளக்குகின்றன. செயற்கூறுகளுக்கு ஏவல் வினையால் பெயரிடுவது பொருந்தும்: ‘எழுத்தாகப்_பிரி’, ‘பெயரைத்_தேடு’, ‘அகரவரிசைப்படுத்து’. பெயருக்குள் ‘மற்றும்’ நுழைய வேண்டியிருந்தால் அச்செயற்கூறு இரண்டு பணிகளைச் செய்கிறது என்று பொருள். அதனைப் பிரித்துவிடலாம். கோப்பைத் திறந்து, சீராக்கி, தேடி, எண்ணி, அட்டவணை அச்சிடுவது வரை ஒரே மூச்சில் செல்லும் நிரலில், விடை ஐயத்திற்குரியதாகத் தோன்றினால் எங்கே பிழை என்று அறிய வழியில்லை. பிரித்து எழுதிய நிரலில் ஒவ்வொரு கூறையும் தனியே இயக்கிப் பார்க்கலாம்.

தமிழில் பெயரிடலாமா என்னும் வினா எழும். 2008இல் வெளியான பைத்தான் 3 முதல் மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் தமிழெழுத்தில் பெயரிட முடியும். முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியில் கட்டளைச் சொற்களே தமிழில் அமைந்தன. விசைப்பலகையை அடிக்கடி மாற்ற நேர்வது இடையூறுதான். அயல்மொழி ஆய்வாளர்கள் படிப்பதும் கடினமாகும். ஆயினும் இலக்கணக் கருத்தாக்கங்களுக்குத் தமிழ்ப்பெயரே ஏற்றது என்பது என் துணிபு. ஆங்கில எழுத்தில் எழுதும்போது வலி, வளி, வழி ஆகிய மூன்றும் ஒரே பெயராகிவிடும் வாய்ப்பு உண்டு. ‘குற்றியலுகரம்’ என்பதற்கு ஆங்கிலத்தில் சுருக்கமும் தெளிவும் ஒருங்கே அமைந்த பெயரைக் காண்பதும் அரிது. இரண்டில் எதனைத் தேர்ந்தாலும் நிரல் முழுவதும் ஒரே நெறியைப் பின்பற்ற வேண்டும்.

விடை தெரிந்த வினாக்கள்

தேடலுக்கு வருவோம். ‘செஞ்சி’ என்னும் எழுத்துத்தொடர் வருமிடமெல்லாம் எண்ணும் நிரலை நாளிதழ்த் தொகுப்பின்மேல் இயக்கினால், செஞ்சிலுவைச் சங்கம் குருதிக்கொடை முகாம் நடத்திய செய்திகளெல்லாம் கோட்டை வரலாற்றில் வந்து சேரும். தனிச்சொல்லாக வருவதை மட்டும் கொள்க என்றால் செஞ்சியை, செஞ்சிக்கு, செஞ்சியின், செஞ்சியிலிருந்து ஆகிய அனைத்தும் விடுபடும். புனைகதை உரையாடல்களிலோ ‘செய்து’ என்பதன் பேச்சுவடிவமாகவே ‘செஞ்சி’ வரும்.

பைத்தானோடு வரும் வடிவத்தேடல் கூறில் மற்றொரு கண்ணி உண்டு. சொல்லுக்குரிய எழுத்துகளைக் குறிக்கும் அதன் பொதுக்குறி, உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கொள்வதில்லை. அக்குறியால் சொற்களைப் பிரித்தால் ‘செஞ்சி’ என்பது ச, ஞ, ச என்னும் மூன்று ‘சொற்களாக’ உடையும். நிரல் பிழைச்செய்தி தந்து நிற்பதில்லை. ஓர் எண்ணைத் தருகிறது. அவ்வெண் அட்டவணையில் ஏறி அமர்ந்துவிடும். நின்றுபோகும் நிரலைவிட, பிழையான விடையைத் தந்து ஓடும் நிரலே ஆய்வுக்குக் கேடு.

இதற்கான காப்பு, விடை முன்பே தெரிந்த சிறு வினாக்களை நிரலிடம் கேட்கும் சோதனைகள். ‘செஞ்சியின் வடக்கே’ என்பதை ஏற்க வேண்டும். ‘செஞ்சிலுவைச் சங்கம்’ என்பதை விலக்க வேண்டும். ‘வேலையச் செஞ்சி முடிச்சான்’ என்பதில் நிரல் தானே முடிவெடுக்கலாகாது, ஐயப் பட்டியலில் சேர்க்க வேண்டும். ‘கெளுத்தி’ கெளுத்தியாகவே வெளிவர வேண்டும். இத்தகைய இருபது வரிகளை ஒரு கோப்பில் எழுதி, நிரலை மாற்றும்போதெல்லாம் இயக்கினால், ஒன்றைத் திருத்தப்போய் மற்றொன்றைக் கெடுத்தது உடனே தெரியும்.

அகரவரிசைக்கும் இதுவே வழி. செஞ்சிப் பகுதி ஊர்ப்பெயர்கள் ஐந்தினை, மெய்யை அதன் உயிர்மெய்க்கு முன் வைக்கும் தமிழ் மரபுப்படி அடுக்கினால் அவலூர்பேட்டை, அனந்தபுரம், மேல்சித்தாமூர், மேல்மலையனூர், மேலச்சேரி என வரும். குறியெண் வரிசைப்படி கணினி அடுக்கினால் அனந்தபுரம், அவலூர்பேட்டை, மேலச்சேரி, மேல்சித்தாமூர், மேல்மலையனூர் என்றாகும். ஒருங்குறியில் னகரம் நகரத்தை அடுத்து, வகரத்திற்கு முன்பே நிற்பதும், புள்ளியின் குறியெண் உயிர்க்குறிகளுக்கும் பின்னே அமைந்ததும் இதற்குக் காரணம். இந்த ஐந்து பெயர்களே ஒரு நல்ல சோதனை. எழுத்தாகப் பிரித்தல் முதலிய பணிகளுக்கு ஓப்பன்-தமிழ் போன்ற திறந்தமூல நிரலகங்கள் உள்ளன. அவற்றைப் பயன்படுத்துவோரும் இவ்வைந்து பெயர்களை ஒருமுறை கொடுத்துப் பார்த்துவிடுவது நன்று.

குறிப்புரையும் பதிப்பு வரலாறும்

நிரலில் எழுதும் குறிப்புரை, வரி என்ன செய்கிறது என்பதை மீண்டும் சொல்லத் தேவையில்லை. ‘எண்ணிக்கையில் 1 கூட்டுகிறோம்’ என்பது வரியைப் பார்த்தாலே தெரியும். ஏன் அவ்வாறு செய்யப்பட்டது என்பதே நிரலில் தெரியாதது: ‘ளகரத்தை அடுத்து உயிர்க்குறி வந்தால் மாற்றுவதில்லை, கெளுத்தி, கெளிறு காண்க’. நிரலை மாற்றிவிட்டுக் குறிப்புரையை மாற்றாது விடுவது, குறிப்புரையே இல்லாமையினும் தீது. மூன்று முறைக்குக் குறைவாக வரும் சொற்களை விலக்குவதாயின் 3 என்னும் எண்ணை நிரலின் நடுவே புதைக்காமல், ‘குறைந்த_நிகழ்வு’ என்று பெயரிட்டு முகப்பில் வைப்பது நன்று. அவ்வெண் ஆய்வாளரின் முடிவு. முடிவுகள் வெளியே தெரிய வேண்டும்.

‘இறுதி’, ‘இறுதி_புதியது’, ‘இறுதி_புதியது_2’ என்று கோப்புகள் பெருகுவதை ஆய்வேடு எழுதிய அனைவரும் அறிவர். லினஸ் டார்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய கிட் என்னும் பதிப்பு மேலாண்மைக் கருவி இதற்கு மாற்று. ஒவ்வொரு மாற்றத்தையும் செய்தவர் பெயர், நாள், காரணம் ஆகியவற்றோடு அது பதிந்துவைக்கிறது. மாற்றங்களை வரிவரியாக ஒப்பிட்டுக் காட்டுவதால், அட்டவணைகளை வரிக்கு ஒரு பதிவாக எளிய உரைக்கோப்பில் வைத்தல் வேண்டும். சொற்செயலிக் கோப்பில் வைத்தால் அவ்வொப்பீட்டைப் படிக்க இயலாது. ‘மாற்றம்’ என்று மட்டும் காரணம் எழுதுவது பயனற்றது. ‘மேலச்சேரி வரிசைப் பிழை நீக்கம்’ என்பது பயனுடையது. பயன்படுத்திய பைத்தான், நிரலகம் ஆகியவற்றின் பதிப்பெண்களையும், கோப்பின் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்பதையும் வெளிப்படையாகக் குறித்தால் வேறு கணினியில் இயக்குவோருக்கு இடர் குறையும்.

ஆய்வேட்டின் பின்னிணைப்பில் இவை அனைத்தையும் அச்சிட வேண்டுவதில்லை. நிரல், பெயர் அட்டவணை, சோதனைக் கோப்பு, ஐயப் பட்டியல் ஆகிய நான்கும் வைக்கப்பட்டுள்ள இடத்தையும், அட்டவணையைப் பெற்ற நாளின் பதிவெண்ணையும் ஒரு பக்கத்தில் குறித்தால் போதும். ஐயப் பட்டியலை விடாமல் சேர்ப்பது இன்றியமையாதது. வட்டார வழக்கை நன்கறிந்த மற்றோர் ஆய்வாளர் அப்பட்டியலை எடுத்து, எந்தச் ‘செஞ்சி’ ஊர், எந்தச் ‘செஞ்சி’ வினை என்று தம் முடிவைத் தனிப் பத்தியில் குறித்து நிரலை மீண்டும் இயக்கலாம். அப்போது எண் மாறுவதோடு, யாருடைய முடிவால் எந்த வரியில் மாறியது என்பதும் அவர் பெயரோடும் நாளோடும் பதிவாகும்.